பாட்டைப் படிக்கிறவர்கள்

சென்ற இதழில் பாப் டிலன் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கிறது. ராக் இசை அறுபதுகளில் டிலன் கையில்தான் கலையாயிற்று. அதற்கு முன் ஐம்பதுகளில் இருந்தது பள்ளிக்கூடப் பையன்கள் இடுப்பை ஆட்டுவதற்கான சத்தம். 2016-ல் நோபல் பரிசு கொடுத்ததன் மூலம், அந்தச் சத்தம் வளர்ந்து இலக்கியமாகிவிட்டதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. எழுதியவர் நண்பர். கவிதை பற்றி அவர் எழுதியவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது உண்டு. என்றாலும் இதைச் சும்மா விடுவதற்கில்லை. நம் வட்டத்தில் பெரும்பாலோர் மனசில் இருப்பதும் இதுதான். நண்பர் எழுத்தில் வைத்துவிட்டார், மற்றவர்கள் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நண்பர் டிலனின் இரண்டு பாடல்களைத் தமிழ்ப்படுத்தி, படிமம் படிமமாகப் பிரித்து, ஃப்ரெஞ்சு ஸிம்பலிஸ்டுகளோடு உறவு கண்டுபிடித்து, எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அந்த எட்டுப் பக்கத்தில் டிலனின் குரலைப் பற்றி ஒரு வாக்கியம் இல்லை. மூக்கால் இழுத்து, சொல்லை எதிர்பாராத இடத்தில் நிறுத்தி, கடைசி அசையைக் கடித்துத் துப்புகிற அந்தக் குரல் இல்லாமலே பாட்டு கிடைத்துவிட்டது அவருக்கு. அதாவது காகிதத்தில் நின்றால் கலை, நிற்காவிட்டால் சத்தம். இந்த அளவுகோலை ஐம்பதுகளின் மேல் வைத்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம்.

1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில், கோஸிமோ மடாஸா என்பவரின் சின்ன ஸ்டுடியோவில், ஜார்ஜியா மாநிலம் மேக்கனிலிருந்து வந்த லிட்டில் ரிச்சர்ட் என்ற இருபத்திரண்டு வயசுப் பையன் பாடிக்கொண்டிருந்தான். பதிவு சுரத்தில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் பம்ப்ஸ் ப்ளாக்வெல் சொன்ன கதைப்படி, சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் 'ட்யூ ட்ராப் இன்' என்ற விடுதிக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பியானோ, எதிரில் கூட்டம். பையன் ஸ்டுடியோவில் காட்டாத ஆளாக மாறிவிடுகிறான். மதுக்கடைகளில் பாடுகிற, அச்சில் ஏற்ற முடியாத ஒரு கொச்சைப் பாட்டை முழங்குகிறான். அதுதான் 'டுட்டி ஃப்ரூட்டி'. அந்தச் சொற்களோடு இசைத்தட்டு வெளியிட முடியாது. டாரதி லாபாஸ்ட்ரி என்ற பெண்ணைக் கூப்பிட்டு அவசரமாகச் சுத்தமான வரிகள் எழுத வைக்கிறார்கள். ஸ்டுடியோ நேரம் முடியக் கால்மணிதான் பாக்கி. வேறு பியானோக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க அவகாசமில்லாததால் பையனே வாசித்துப் பாடுகிறான்.

சொல்லை மாற்றினார்கள், பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டின் தொடக்கத்தில் வருகிற அர்த்தமில்லாத அசைக் கோவையை யாரும் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. அது டிரம் வாசிப்பு வாய்வழியாக வெளிவருவது. மிருதங்கக்காரர் சொற்கட்டைச் சொல்லும்போது 'இதற்கு என்ன பொருள், எந்த அகராதியில் இருக்கிறது' என்று நாம் கேட்பதில்லை. அமெரிக்கக்காரன் சொன்னால் மட்டும் அது உளறலாகிவிடுகிறது.

சில மாதங்களுக்குள் பாட் பூன் என்ற வெள்ளைக்காரப் பாடகர் அதே பாட்டைப் பாடி வெளியிட்டார். அங்கங்கே மழுக்கியது தவிர அதே சொற்கள், அதே மெட்டு. பாப் பட்டியலில் லிட்டில் ரிச்சர்டின் தட்டைவிட மேலே ஏறியதும் அதுதான். அந்தத் தட்டு இன்றும் கிடைக்கிறது. நல்ல குடும்பத்துப் பிள்ளை, நன்றாக வாரிய தலை, உச்சரிப்பு சுத்தம். பாட்டு செத்துக் கிடக்கிறது. இலக்கிய விமர்சகனுக்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனை கிடைக்காது. பிரதி ஒன்றே, ஒரு தட்டில் கலை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எனவே கலை பிரதியில் இல்லை. எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதுதான் விமர்சகனின் வேலை. நண்பர் தேடாமலே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். அந்த ஸ்டுடியோவின் டிரம் வாத்தியக்காரர் ஏர்ல் பாமர், ஜாஸ் பழகியவர். அதுவரை ப்ளூஸ் வழி வந்த ஆட்டப் பாட்டுகளில் நடை 'ஷஃபிள்'. நம் சொல்லில் திஸ்ர நடை, கொஞ்சம் நொண்டிக்கொண்டு போகும். லிட்டில் ரிச்சர்டின் வலது கை பியானோவில் சதுஸ்ரமாக, சம்மட்டி அடிபோல் எட்டு எட்டாக விழுந்தது. அந்தக் கையோடு ஒத்துப்போவதற்காகவே தாம் ஷஃபிளை விட நேர்ந்தது என்று பாமர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒருவன் வலது கையின் பிடிவாதத்தால் ஒரு இசை வகையின் நடையே மாறுகிறது. நம் யாப்பில் இப்படி ஒன்று நடந்திருந்தால் எத்தனை கருத்தரங்கு நடந்திருக்கும்!

தென் மாவட்டங்களில் 'பாட்டுப் படி' என்றால் பாடு என்று அர்த்தம். 'நல்லாப் படிக்கிறான்' என்று கிழவிகள் சொல்வது பரீட்சையைப் பற்றி அல்ல. அந்தச் சொல்லின் முழு அர்த்தம் அவர்களிடம் இருக்கிறது. நமக்குப் பட்டம் வாங்கிய பிறகு பாதி அர்த்தம்தான் மிஞ்சியிருக்கிறது. பி.ஏ. இங்கிலீஷ் வகுப்பில் கவிதையை வாய்விட்டுச் சொல்லாமலே மூன்று வருஷம் ஓட்டிவிடலாம், நானே சாட்சி.

இதில் வேடிக்கை, நண்பரின் கதாநாயகரே நண்பர் கட்சியில் இல்லை. 1959-ல் மின்னஸோட்டாவின் ஹிப்பிங் ஊரில் பள்ளி முடித்தபோது, ஆண்டு மலரில் டிலனின் லட்சியமாக அச்சாகியிருப்பது லிட்டில் ரிச்சர்டோடு சேர்வது. ரிம்போவோடு அல்ல. 2017-ல் கொடுத்த நோபல் உரையை அவர் ஆரம்பிப்பதே பட்டி ஹாலியிலிருந்துதான். ஹாலி விமான விபத்தில் 1959 பிப்ரவரி 3-ல் சாவதற்குச் சில நாள் முன்பு அவரை மேடையில் நேரில் பார்த்ததைச் சொல்லி, கடைசியில் பாட்டு படிப்பதற்கல்ல, பாடப்படுவதற்கு என்று முடிக்கிறார். பரிசு வாங்கியவரே இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நம்மவர்கள் அவர் காகிதத்தை விடுவதாக இல்லை.

அடுத்தது ராக்கபில்லி. கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை. மெம்ஃபிஸில் யூனியன் அவென்யூ 706-ம் எண்ணில் ஸாம் பிலிப்ஸ் 1950-ல் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். சின்ன அறை. கறுப்பர்களின் ப்ளூஸைப் பதிவு செய்து வேறு கம்பெனிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு மிஸிஸிப்பியிலிருந்து வந்தது. வழியில் கிதாரின் ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது. காரிலிருந்து விழுந்தது என்பார்கள், மழையில் நனைந்தது என்பார்கள். ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்துபோய்க் கரகரவென்றது. நம்மூர் ரேடியோ நிலையமாக இருந்தால் சரிசெய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிலிப்ஸ் கிழிசலில் காகிதத்தைத் திணித்து அந்தக் கரகரப்போடு பதிவு செய்தார். 'ராக்கெட் 88' என்ற அந்தத் தட்டு கறுப்பர் இசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று. முதல் ராக் அண்ட் ரோல் தட்டு அதுதானா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும், எனக்கு அதில் அக்கறையில்லை. பழுதைக் கேட்டவுடன் இது வேண்டும் என்று தெரிந்துகொண்ட காதுதான் எனக்கு முக்கியம்.

மூன்று வருஷம் கழித்து, 1954 ஜூலையில், அதே அறையில் எல்விஸ் ப்ரெஸ்லி. கூட ஸ்காட்டி மூரின் கிதார், பில் ப்ளாக்கின் பாஸ். டிரம் கிடையாது. பாஸின் தந்தியை இழுத்து மரத்தில் அறையவிடுகிற 'டக் டக்'தான் தாளம். பாட்டு, கறுப்புப் பாடகர் ஆர்தர் க்ருடப் 1946-ல் பதிவு செய்த ப்ளூஸ். தட்டின் மறுபக்கம் வெள்ளைக்காரர் பில் மன்ரோவின் கண்ட்ரிப் பாட்டு, மூன்று அடி வால்ட்ஸாக இருந்ததை நான்காக உடைத்தது. கறுப்பர் பாட்டும் வெள்ளையர் பாட்டும் ஒரே தட்டின் இரண்டு முகமாக, ஒரே நடையில். குடிக்கும் குழாய்கூடத் தனித்தனியாக இருந்த மெம்ஃபிஸில் இது நடந்தது. இரண்டாவது டேப் மெஷின் ஒரு கணம் பிந்தித் திருப்பிச் சொல்கிற எதிரொலி அந்தக் குரலை அறைக்கு வெளியே கொண்டுபோகிறது. மறு வருஷம் ஆர்.ஸி.ஏ. கம்பெனி 35,000 டாலர் கொடுத்து எல்விஸின் ஒப்பந்தத்தை வாங்கியது. ஆனால் அந்த எதிரொலி ஒப்பந்தத்தில் சேரவில்லை. நாஷ்வில்லில் பதிவு செய்யும்போது ஸ்டுடியோவுக்கு வெளியே நடைக்கூடத்தைப் பயன்படுத்தி அந்தச் சப்தத்தை வரவழைக்கப் பார்த்தார்கள். கிடைத்தது வேறு ஒன்று.

கார்ல் பெர்கின்ஸ் குத்தகைக்குப் பருத்தி விளைத்த ஏழை வெள்ளைக் குடும்பம். வயலில் கூட வேலை செய்த ஒரு கறுப்பு முதியவரிடம் கிதார் கற்றவர். 1956 தொடக்கத்தில் வந்த அவருடைய 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' பாப், கண்ட்ரி, கறுப்பர் இசை மூன்று பட்டியல்களிலும் ஏறியது. மார்ச்சில் நியூயார்க் டெலிவிஷனில் பாடப் போகும் வழியில் கார் விபத்து. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களில் அதே பாட்டை எல்விஸ் டெலிவிஷனில் பாடினார். அந்தப் பாட்டு முழுக்க ஒரு ஜோடி செருப்பைப் பற்றி. என் செருப்பை மட்டும் மிதிக்காதே என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. பருத்திக்காட்டில் வெறுங்காலோடு வளர்ந்தவனுக்குச் செருப்பு எப்படிப்பட்ட விஷயம் என்பது அந்தக் குரலின் முறைப்பில் இருக்கிறது. நண்பர் இதை மொழிபெயர்த்தால் செருப்புக்கடை விளம்பரமாகத்தான் வரும்.

சொல்லே இல்லாத ஒன்றும் உண்டு. 1958-ல் லிங்க் ரே வெளியிட்ட 'ரம்பிள்'. பாட்டே கிடையாது, கிதார் மட்டும். ஒலி பிசிறடிக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் தானே குத்தி ஓட்டை போட்டார். தலைப்புக்குத் தெருக்கும்பல் சண்டை என்று அர்த்தம். அமெரிக்காவில் சில நகர ரேடியோ நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. ஒரு வார்த்தைகூட இல்லாத தட்டுக்குத் தடை. தணிக்கை செய்தவன் முட்டாளாக இருக்கலாம். ஆனால் காது இருந்திருக்கிறது அவனுக்கு. அர்த்தம் எங்கே இருக்கிறதென்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறான்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்கிறார் நண்பர். ஜெர்ரி லீ லூயிஸ் டெக்ஸஸில் ஒரு வேதாகமக் கல்லூரியிலிருந்து, பக்திப் பாடலைக் கூத்துப் பாட்டு நடையில் வாசித்ததற்காக வெளியேற்றப்பட்டவர். 1957-ல் 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' பதிவின் நடுவே, இது சாத்தானின் இசை, இதை வாசித்தால் ஆத்மா என்னாகும் என்று ஸாம் பிலிப்ஸோடு அவர் போட்ட சண்டை டேப்பில் அப்படியே இருக்கிறது. அதே வருஷம் லிட்டில் ரிச்சர்ட் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின் நடுவில், கடவுள் கூப்பிடுகிறார் என்று எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிளம்பினார். இதனால் நரகத்துக்குப் போவோம் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டு, அப்படியும் பாடியவர்கள் இவர்கள். கவிதை எழுதினால் நரகம் என்று நம்பி எழுதுகிறவர் நம்மில் யார்? அதிகபட்சம் ப்ரமோஷன் தள்ளிப்போகும் என்று பயப்படுகிறோம்.

வியாபாரம் என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஆமாம், வியாபாரம்தான். முன்னூறு பிரதி அச்சடித்து, நூறைத் தபாலில் அனுப்பி, மீதியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்வதால் நாம் பரிசுத்தர்களாகிவிடவில்லை. ஆனால் வியாபாரம் என்று முகம் சுளித்துவிட்டு நகர்கிறவர்கள் அந்த வியாபாரத்தின் கணக்கைப் பார்ப்பதேயில்லை. நான் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். எனக்கு அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி பாட்டு என்றால் காகிதத்தில் எழுதிப் பதிவு செய்த சொல்லும் மெட்டும். பாடிய விதம், வாசித்த விதம், தட்டில் பதிந்த ஒலி, இதற்கெல்லாம் மத்திய காப்புரிமை கிடையாது. ஒலிப்பதிவுக்கு அது வந்ததே 1972 பிப்ரவரி 15-ல்தான். அதுவும் அதன்பின் பதிவானவற்றுக்கு. 1955-ல் லவெர்ன் பேக்கர் என்ற கறுப்புப் பாடகியின் 'ட்வீடில் டீ'யை ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைப் பாடகி, வாத்திய அமைப்பு முதல் குரலின் நெளிவுவரை ஈயடிச்சான் காப்பியாகப் பாடி வெளியிட்டார். பாப் பட்டியலில் பேக்கர் 14-ம் இடம், கிப்ஸ் 2-ம் இடம். சட்டப்படி பேக்கருக்கு எதுவும் திருடுபோகவில்லை. பாட்டை எழுதியவர் அவரல்லவே. சட்டத்தைத் திருத்துங்கள் என்று டெட்ராய்ட் காங்கிரஸ் உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்கு எழுதினார் பேக்கர். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு விமானப் பயணத்துக்கு முன் தன் பேரில் இன்ஷ்யூரன்ஸ் எடுத்து, நான் செத்தால் காப்பியடிக்க ஆளில்லாமல் திண்டாடுவாய் என்று கிப்ஸையே வாரிசாகப் போட்டார் என்று ஒரு கதை.

லிட்டில் ரிச்சர்ட் 'டுட்டி ஃப்ரூட்டி'யின் பதிப்புரிமையை விற்றது 50 டாலருக்கு. தட்டு ஒன்றுக்கு அரை சென்ட் ராயல்டி. பத்து லட்சம் தட்டு விற்றால் 5,000 டாலர். அதற்கும் அவர் 1984-ல் வழக்குப் போட வேண்டியிருந்தது. க்ருடப் தம் பாட்டுகளுக்குச் சேரவேண்டியதில் பெரும்பகுதியைப் பார்க்காமலே 1974-ல் இறந்தார். சக் பெரியின் முதல் தட்டான 'மேபலீன்' வெளிவந்தபோது, எழுதியவர்கள் பெயரில் ரேடியோ அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடும் இன்னொருவரும் சேர்ந்திருந்தார்கள். இருவரும் ஒரு வரி எழுதியதில்லை. முழு உரிமையும் பெரிக்குத் திரும்பியது 1986-ல். காகிதத்துக்கு மட்டும்தான் பணம் என்பது கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முதலில் கைவைத்தது அங்கேதான்.

ஆகவே, காகிதத்தில் இருப்பதே பாட்டு என்கிற நண்பரின் கொள்கை ஒரு ரஸனை விவகாரமாக மட்டும் நிற்பதில்லை. ஒரு தலைமுறைப் பாடகர்கள் ஏமாற்றப்பட்டது அந்தக் கொள்கையின்படிதான். அதே லெட்ஜரை எடுத்து வைத்துக்கொண்டு நண்பர் இலக்கிய வரவு எழுதுகிறார். அன்று பணம் கிடைக்காதவர்களுக்கு இன்று பெயரும் கிடையாது என்கிறார்.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. எல்லாம் கறுப்பர்களுடையது, எல்விஸ் திருடன், விஷயம் முடிந்தது என்கிற கட்சி. முற்போக்காக ஒலிப்பதால் நம்மிடையே இதற்கு ஆள் அதிகம். இவர்களும் தட்டைக் கேட்பதில்லை. 'ஹவுண்ட் டாக்'கை எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற பத்தொன்பது வயசு யூதப் பையன்கள் இருவர். 1952-ல் பிக் மாமா தார்ன்டனுக்காக எழுதியது. உட்கார்ந்து தின்கிற ஆண்பிள்ளையை ஒரு பெண் வாசலுக்கு வெளியே தள்ளுகிற பாட்டு. தார்ன்டன் உறுமுகிறார், இழுக்கிறார், கிதாரைப் பார்த்துப் பேசுகிறார். கறுப்பர் இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். எல்விஸ் 1956-ல் பாடியது தார்ன்டனைப் பார்த்து அல்ல. லாஸ் வேகாஸில் ஒரு வெள்ளைக் குழு வேடிக்கையாக மாற்றிப் பாடிக்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்து. அதில் ஆண்பிள்ளை போய் நிஜ நாய் வந்துவிட்டது. யார் யாரிடம் எதை எடுத்தார்கள் என்பது இவ்வளவு சிக்கல். சிக்கலில்லாத ஒன்று, தார்ன்டன் தனக்குக் கிடைத்ததாகச் சொன்ன ஒரே ஒரு 500 டாலர் காசோலை. அந்த உறுமலைப் பதிவு செய்ய எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.

பெண்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஆர்கன்ஸாவில் பிறந்து தேவாலயத்தில் வளர்ந்த ஸிஸ்டர் ரோஸெட்டா தார்ப் எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு 1944-ல் பதிவு செய்த காஸ்பெல் தட்டில், பத்து வருஷம் கழித்து வரப்போகிற எல்லாம் இருக்கிறது. 1947-ல் மேக்கனில் கச்சேரிக்கு முன் தன் பாட்டைப் பாடிக்காட்டிய ஒரு பையனை மேடையேற்றிப் பாடவைத்தவர் அவர். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்ட். 1973-ல் இறந்தார். ஃபிலடெல்ஃபியாவில் அவர் கல்லறைக்கு முப்பது வருஷத்துக்கு மேல் கல்கூட இல்லை. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் என்று ஒன்று வைத்து 1986-ல் முதல் பட்டியல் போட்டபோது அதில் ஒரு பெண் இல்லை. தார்ப் உள்ளே போனது 2018-ல், தார்ன்டன் 2024-ல். மண்டபங்கள் எப்போதும் இப்படித்தான், அவற்றிடம் எனக்கு எதிர்பார்ப்பு இல்லை. விமர்சகனிடம் உண்டு.

நண்பர் சக் பெரிக்கு மட்டும் பாதி வரியில் மன்னிப்பு வழங்குகிறார். பெரி எழுதிய வரிகளில் காரும் பள்ளிக்கூடமும் ஜூக்பாக்ஸும் துல்லியமாக வருவதால் அவரை 'டிலனின் முன்னோடி' என்று அனுமதிக்கலாமாம். வரிகள் நல்லவைதான், யார் இல்லையென்றது? ஆனால் 'ஜானி பி. குட்' கேளுங்கள். டிரம் இன்னும் பழைய திஸ்ரத்தில் நடக்கிறது, கிதார் சதுஸ்ரத்தில் அடிக்கிறது. இரண்டும் உரசிக்கொண்டு ஓடுகிற அந்த இடுக்கில் சொற்கள் நுழைந்து வெளிவருகின்றன. அந்தத் துல்லியம் அங்கே பிறக்கிறது. 'மேபலீன்' ஒரு வெள்ளைக்கார கிராமத்துப் பிடில் பாட்டிலிருந்து கிளம்பியது என்பதையும், பியானோவில் ஜானி ஜான்ஸன் இருந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெரி பதினாலு வயசுப் பெண் சம்பந்தப்பட்ட வழக்கில் சிறை சென்றவர். ஜெர்ரி லீ பதிமூன்று வயசு உறவுப் பெண்ணைக் கல்யாணம் செய்தவர். நான் யாருக்கும் சிலை வைக்கச் சொல்லவில்லை. இவர்களை முன்னோடி என்ற வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே டிலனுக்குப் பந்தி பரிமாறுவதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

நண்பர் பதில் எழுதுவதாக ஆசிரியர் சொன்னார். நல்லது. எழுதுமுன் லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி'யையும் பாட் பூனின் 'டுட்டி ஃப்ரூட்டி'யையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். ஒவ்வொன்றும் இரண்டரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வரிகளை அச்சடித்த தாள் கையில் இருந்தால் அதை முதலில் மடித்துப் பையில் வைத்துவிட வேண்டும்.